மேனேஜரின் ஆட்சேபணை

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸில் எலியைத் தேடினார்கள்.

"ஏதோ செத்துக் கிடக்கு" என்று முதலில் சொன்னவர் அடுத்த சீட்டு நண்பர். மூக்கு விஷயத்தில் அவரை நம்பலாம். கான்டீனில் இன்றைக்கு என்ன சாம்பார் என்று மூன்றாவது மாடியில் இருந்தபடியே சொல்லக்கூடியவர். ஹவுஸ்கீப்பிங் ஆள் வந்து ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். ஏ.சி. மெக்கானிக்குக்குப் போன் போயிற்று. பீரோக்களை நகர்த்தினார்கள். 2009-ல் காணாமல் போன ஒரு ஃபைல் கிடைத்தது. எலி கிடைக்கவில்லை. நானும் குனிந்து நிமிர்ந்து மும்முரமாகத் தேடினேன். மத்தியானம் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தபோதுதான் புரிந்தது. எலி இல்லை. எலிக்கு ஜென்ம விரோதி.

எங்கள் வீட்டுப் பூனை ராத்திரி என் ஆபீஸ் பைக்குள் ஒன்றுக்குப் போயிருந்தது.

பையை மூடி, காலால் மேஜைக்கு அடியில் தள்ளி, "எலியேதான் சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

பூனையின் பெயர் மேனேஜர். மூன்று வருஷம் முன்னால் என் மனைவி ஸ்கூட்டர் ஸ்டாண்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். நாள் முழுக்கத் தூங்கும்; நாம் எதையாவது செய்யும்போது மட்டும் விழித்து வந்து மேஜை மேல் உட்கார்ந்து முறைக்கும். வேறு பெயர் தோன்றவில்லை. இப்போது ஆறு வயது. நம் கணக்குக்கு நாற்பதைத் தொட்டாயிற்று. குடும்பக் கட்டுப்பாடு முடிந்தவர். மூன்று வருஷத்தில் ஒரு நாள், ஒரு சொட்டு, தப்பான இடத்தில் போனதில்லை. ஹாலில் பால்கனிக் கதவோரம் அவருக்கென்று ஒரு டிரே, அதில் மணல். போவார், தோண்டுவார், மூடுவார், வருவார். நம் ஆபீஸ் டாய்லெட்டில் சிலர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

அந்த மணலுக்கு 'லிட்டர்' என்று பெயர். இதனால் வீட்டில் முதல் நாளே குழப்பம். "பத்து கிலோ லிட்டர் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. பத்து கிலோ லிட்டர் என்றால் தண்ணி லாரிதான் வர வேண்டும். மன்னார்குடியிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பூனை மூத்திரத்துக்கு லிட்டர் கணக்கா செலவு பண்றீங்களாடா?" என்றாள்.

அந்த அம்மாதான் சித்திரையில் கண்புரை ஆபரேஷனுக்காக எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரு மாசம் தங்க வந்தாள். பிரச்னையும் கூடவே வந்தது.

முதலில் என் பை. பிறகு துவைத்து மடித்த துணி. பிறகு பாத்ரூம் கால்மிதி. நாலாவதாக அம்மாவின் மெத்தை. கண் ஆபரேஷன் ஆன மனுஷி நடுராத்திரி ஈரத்தில் கை வைத்து, "யாருப்பா தண்ணி கொட்டினது?" என்று கேட்டபோது, மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பழிவாங்குது" என்றேன் நான். "நான் வந்தது அதுக்குப் பிடிக்கலை" என்றாள் அம்மா. "அத்தை, அப்படில்லாம் இல்லை" என்று மனைவி சொன்னாள். சுருதி குறைவாக இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். மேனேஜரைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, ஈர மெத்தையில் மூக்கைத் தேய்த்தேன். பேப்பரைச் சுருட்டி முதுகில் இரண்டு போட்டேன். அது என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"மீன் மார்க்கெட்டுல விட்டுட்டா ராஜா மாதிரி இருக்கும் சார்" என்றார் அடுத்த சீட்டு நண்பர். தலையும் குடலும் தினம் கிடைக்குமாம். நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது சனிக்கிழமை, லீவு. ஜவுளிக்கடைக் கட்டைப் பை ஒன்றை வெள்ளிக்கிழமை ராத்திரியே எடுத்து வைத்தேன், மேலே மூட ஒரு பழைய துண்டு. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் எழுந்திருப்பதற்குள் போய் வந்துவிடுவதாக ஏற்பாடு.

விடியற்காலை ஐந்தரைக்கு மேனேஜரைத் தேடினேன். பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேலே முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஒன்றும் வரவில்லை. எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி உட்கார்ந்தது. அப்போது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், மியாவ் இல்லை. கைக்குழந்தை தூக்கத்தில் அழுவது போல அடித்தொண்டையிலிருந்து வந்தது. தரையில் இரண்டே சொட்டு. அதில் ஒன்று லேசான சிவப்பு.

மனைவியை எழுப்பினேன். அம்மா தானாகவே எழுந்து வந்து, "வலிக்குது போலிருக்கேப்பா, ஒரு காய்ச்சல் மாத்திரைல கால் வாசி பொடி பண்ணிப் பால்ல கொடு" என்றாள். பாரசிட்டமால் அட்டையை எடுத்தே விட்டேன். மனைவிதான் கையைத் தட்டிவிட்டாள். அவள் தட்டிவிட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று மூன்று மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

மீன் மார்க்கெட்டுக்கென்று எடுத்து வைத்த அதே கட்டைப் பையில், அதே துண்டைப் போர்த்தி, ஆட்டோவில் வேப்பேரிக்குக் கிளம்பினோம். 1903-லிருந்து இயங்குகிற கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே காத்திருப்பது தனி அனுபவம். ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் கழுத்தில் பக்கெட் மாட்டிய லாப்ரடார், ஒரு அம்மாளின் மடியில் கிளி. மனிதர்களின் ஆஸ்பத்திரியை விடச் சத்தம் குறைவு. பேஷன்ட்டுகள் தங்கள் வியாதியைப் பக்கத்து சீட்டில் விவரிப்பதில்லை.

டாக்டர் சின்னப் பெண். மேனேஜரின் அடிவயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் முதலில் கேட்டது: "எவ்வளவு நேரமா இப்படி?"

"இன்னிக்குக் காலைலேருந்துதான் டாக்டர். ஆனா ரெண்டு வாரமா கண்ட இடத்துல..."

"நின்னுக்கிட்டா, உக்காந்தா?"

விழித்தேன். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வால் நடுங்க, பின்பக்கமாகப் பீய்ச்சினால் அது எல்லை போடுகிற வேலை. வெளியே வேறு பூனை தெரிந்தால், கருத்தடை செய்யாவிட்டால், வரும். உட்கார்ந்து, மெத்தை, துணி என்று பார்த்துப் போனால் அது வேறு: டிரே பிடிக்கவில்லை, அல்லது வலி. எங்கள் கேஸ் உட்கார்ந்த கேஸ்.

"நல்லவேளை, அடைக்கலை. பை சின்னதாத்தான் இருக்கு. ஆம்பளைப் பூனைக்குக் குழாய் ரொம்பக் குறுகல். முழுசா அடைச்சு ஒரு சொட்டும் வரலைன்னா ஒரு நாள், ரெண்டு நாள்ல உயிர் போயிடும் சார். 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்'ங்கற வியாதி இல்லை இது. மாத்திரை ஏதும் கொடுத்தீங்களா?"

பாரசிட்டமால் கதையைச் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. நமக்கு அது தலைவலி மாத்திரை. பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த அட்டையை எடுத்த கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனேன்.

சிறுநீர் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. கல் இல்லை, கிருமி இல்லை. வலிக்கு ஊசி போட்டார். "சிறுநீர்ப் பை புண்ணாயிருக்கு. இந்த மாதிரி வர்ற பூனைங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான். இன்னதுன்னு ஒரு காரணம் கிடைக்காது. மன உளைச்சல் ஒரு முக்கியமான விஷயம்" என்றார்.

"பூனைக்கா? டென்ஷனா?"

"ஏன், உங்களுக்கு மட்டும்தானா?"

எங்கள் வீட்டில் ஈ.எம்.ஐ. கட்டுவது நான். டார்கெட் எனக்கு. வேளா வேளைக்கு மீன் சாப்பிட்டுவிட்டு இருபது மணி நேரம் தூங்குகிறவருக்கு டென்ஷன்! இதைச் சொல்லவில்லை. நினைத்தேன்.

"வலிக்கறப்போ அது டிரேயிலதான் போயிருக்கும். டிரேக்குப் போனா வலிக்குதுன்னு அது முடிவு பண்ணிடும். அப்புறம் மெத்துன்னு வேற இடம் தேடும். அதுக்குப் பழிவாங்கத் தெரியாது சார். அடிச்சீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"அடிக்காதீங்க. எதுக்கு அடி விழுந்ததுன்னு அதுக்குப் புரியாது. உங்களைப் பார்த்துத்தான் பயப்படும். அது இன்னும் உளைச்சல். சரி, ரெண்டு வாரத்துக்கு முன்னால வீட்டுல என்ன மாறிச்சு?"

"எதுவும் மாறலை" என்றேன். புருஷர்கள் எல்லோரும் சொல்கிற பதில். மனைவி வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மா, எங்கள் இரண்டு பேரின் நாலு கண்ணுக்கும் படாததையெல்லாம் பார்த்து வைத்திருந்தாள்.

"நான் வந்தேன்ல, கால் தடுக்கும்னு அந்தத் தட்டைக் கொண்டுபோய் வாஷிங் மிஷின் பக்கத்துல வெச்சீங்க. மறுநா அது உள்ள உக்காந்திருக்கறப்போ மிஷின் கடைசியில கடகடன்னு சுத்துச்சு. அலறிக்கிட்டு ஓடிச்சு. அன்னைலேருந்து அந்தப் பக்கமே போகலை. நம்ம கொட்டாய்ல பால் கறக்கறப்போ எவனாவது தகரத்தைத் தட்டினா மாடு பாலை அடக்கிக்கும்ல, அது மாதிரிதான்!"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, நீங்க இங்க வந்து உக்காந்துக்கலாம்" என்றார்.

அம்மாவின் சாட்சியம் முடியவில்லை. அதே வாரம் ஆஃபரில் வந்தது என்று நான் மல்லிகைப்பூ வாசனை லிட்டர் வாங்கியிருந்தேன். அதே வாரம் வேலைக்கார அம்மா, பெரியவங்க வந்திருக்காங்களே என்று தினம் இரண்டு வேளை பினாயில் போட்டுத் துடைக்க ஆரம்பித்திருந்தாள், டிரேயையும் சேர்த்து. ஆக இடம் மாற்றம், மணல் மாற்றம், வாசனை மாற்றம். ஒரே வாரத்தில் என் சீட்டை ஜெனரேட்டர் ரூமுக்கு மாற்றி, நாற்காலியில் செண்டு தெளித்தால் நானும் ஏதாவது செய்திருப்பேன்.

மல்லிகை நமக்குத்தான் மல்லிகை. நம்மைவிடப் பல மடங்கு மூக்கு உள்ள பிராணிக்கு அது மூடிய ரூமில் கொளுத்திய கட்டு ஊதுபத்தி. பினாயில் அதைவிட மோசம். கறுப்பு பினாயிலில் இருக்கிற ஃபீனால் வகைச் சரக்கைப் பூனையின் ஈரல் வெளியேற்றத் திணறும். நடந்த காலை நக்கினால் உள்ளே போய்விடும். சரி, அமோனியா நெடி உள்ள கிளீனர் போடலாமே என்றால், மூத்திரத்திலும் அதே நெடிதான். 'இங்கேதான் போக வேண்டும்' என்று போர்டு வைத்த மாதிரி. பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்ஸைம் கலந்த திரவம் ஒன்று பூனைக் கடைகளில் விற்கிறது, அதை ஊற்றி ஊறவிட வேண்டும். வாடைக்குக் காரணமானதை அது சிதைத்துவிடுகிறது. நம் மூக்குக்கு வாடை போனால் போதாது. அதன் மூக்குக்குப் போக வேண்டும். என் ஆபீஸ் பைக்கு மூன்று முறை ஊற்றினேன். பிறகு பையையே தூக்கிப் போட்டேன்.

கொஞ்சம் சரித்திரம். பூனை ஏன் மணலைத் தேடுகிறது? நம் வீட்டுப் பூனைகள் அத்தனையும் மேற்காசியப் பக்கத்துக் காட்டுப் பூனையின் வம்சம் என்று 2007-ல் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பாலைவனத்துப் பிராணி. அதனால் தண்ணீர் கொஞ்சமாகக் குடிக்கும், சிறுநீர் கெட்டியாகப் போகும், மணலைத் தோண்டி மூடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் கஸோபொலிஸ் என்று ஒரு சின்ன ஊர். 1947 ஜனவரியில் ஒரு அம்மாளின் வீட்டு மணல் குளிரில் உறைந்துவிட்டது. பூனைக்குச் சாம்பலைக் கொட்டினாள். வீடெல்லாம் கறுப்புக் காலடி. பக்கத்து வீட்டு எட்வர்ட் லோ என்பவரிடம் மணல் கேட்டாள். அவர், பட்டறைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சுவதற்கு விற்கிற களிமண் குருணையைக் கொடுத்து, இதைப் போட்டுப் பாருங்கள் என்றார். அந்த அம்மாள் மறுபடி வந்து இன்னும் கேட்டாள். லோ கோடீஸ்வரரானார். அந்தக் களிமண் எது தெரியுமா? நம் பெண்மணிகள் முகத்தில் பூசிக்கொள்கிற முல்தானி மட்டி ஜாதிதான். இதை மனைவியிடம் சொன்னேன். ரசிக்கவில்லை.

இப்போது வருவது பென்ட்டனைட். ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், கரண்டியால் அள்ளிவிடலாம். நம் குஜராத்தில் கட்ச் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து டெண்டர் விட்டோம். டாக்டரின் யோசனை: எது பிடிக்கும் என்று நாம் முடிவு பண்ணக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதையே கேட்க வேண்டும். மூன்று டப். ஒன்றில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு வாங்கிய எம்-சாண்ட், ஒன்றில் மரத்தூள், ஒன்றில் வாசனை இல்லாத பொடிக் குருணை பென்ட்டனைட். மேனேஜர் முதல் நாள் மூன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, முடிவை ஒத்திவைத்துப் போய்விட்டார். இரண்டாம் நாள் எம்-சாண்டில் காலை வைத்து உதறினார். மரத்தூளில் தூங்கினார். மூன்றாம் நாள் பென்ட்டனைட்டில் தோண்டுகிற சத்தம் கேட்டு மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். டெண்டர் முடிந்தது.

டிரேயும் மாறியது. பழைய டிரேயில் அவர் திரும்பினால் வால் வெளியே. மூக்கிலிருந்து வால் தொடங்குகிற இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டுமாம். பிளாட்பாரத்தில் பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கி, ஏறி இறங்க ஒரு பக்கத்தை அறுத்தேன். மூடி போட்ட டிரே ஒன்று கடையில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ரயில்வே டாய்லெட் மாதிரி வாடையெல்லாம் உள்ளேயே நிற்கும் என்பதால் வாங்கவில்லை. ஒரு பூனைக்கு இரண்டு டிரே. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ஒன்று பழைய பால்கனிக் கதவோரம், ஒன்று படுக்கையறை மூலையில். சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரண்டும் தள்ளி. சாப்பிடுகிற இடத்தில் யார்தான் போவார்கள்? இதையே திருப்பி அம்மா கண்டுபிடித்தாள்: தன் மெத்தை ஓரம் அதற்குச் சோற்றுத் தட்டு வைத்தாள். அப்புறம் மெத்தை நனையவில்லை. டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்களாம்.

தண்ணீர்க் கிண்ணம் நாலு இடத்தில். காய்ந்த தீவனத்துக்குப் பதில் வேகவைத்த தண்ணீரோடு மீனும் ஈரத் தீவனமும். தினம் இரண்டு முறை அள்ளுகிற வேலை எனக்கு. எத்தனை உருண்டை, என்ன அளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. உருண்டை சின்னதாகி எண்ணிக்கை கூடினால் ஆபத்து. எலுமிச்சை சைஸ் இருந்தால் க்ஷேமம்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. எட்டாம் நாள் கால்மிதியில் ஒரு முறை, பன்னிரண்டாம் நாள் துண்டில் ஒரு முறை. பேப்பரைச் சுருட்டக் கை போயிற்று, சுருட்டவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் மேனேஜர் ராத்திரி கட்டிலில் ஏறி என் காலடியில் படுத்தார். என் கை பக்கத்தில் போனால் இன்னமும் ஒரு தடவை காதை மடக்கிப் பார்க்கிறார். பிறகுதான் தலையைக் கொடுக்கிறார்.

அம்மா ஊருக்குப் போய் ஒரு மாசமாகிறது. தினம் காலை எட்டேகாலுக்கு, பரங்கிமலையில் நான் ரயிலேறுகிற நேரம் பார்த்துப் போன் வரும். முன்பெல்லாம் 'சாப்பிட்டியா?' என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது அந்தக் கேள்வியே கிடையாது. இரைச்சலில் அவளுக்குக் கேட்காது என்பதால் கத்த வேண்டியிருக்கிறது.

"ரெண்டும்மா!"

"எவ்வளவு பெருசு?"

"ஒண்ணு எலுமிச்சம்பழம். ஒண்ணு சாத்துக்குடி!"

"கெட்டியா இருக்கா, உதிருதா?"

"நல்லாக் கெட்டியா இருக்கும்மா!"

நேற்று எதிர் சீட்டில் இருந்த பெரியவர் போனை வைக்கிற வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஊர்ல பழத்தோட்டமா சார்?" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன்.